விடை சரி, ஆனா பாதி மார்க்தான்!

நம்ம தேர்வுத் தாள்களில் ஒரு பழக்கம் உண்டு. கணக்கு முடிந்ததும் விடையைச் சுற்றி ஒரு கட்டம் போடுவோம். உள்ளே ஒரே ஒரு எண், இரண்டு தசம இடங்களோடு. பக்கத்தில் அலகு. அலகை மறந்தால் அரை மார்க் போச்சு. ஆனால் "இந்த எண் எவ்வளவு தூரம் தள்ளி இருக்க வாய்ப்பு உண்டு?" என்று நான்கு வருஷத்தில் ஒரு தாள்கூட என்னைக் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம். டேட்டா குறைவாக இருக்கும் இடத்தில் ஒற்றை எண்ணைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வது பாதி வேலைதான். அந்த எண்ணைச் சுற்றி நமக்கு என்னென்ன தெரியாது என்பதையும் எழுதினால்தான் வேலை முழுசாகும்.

எல்.கே.ஜி. முதல் இங்கிலீஷ் மீடியம் என்பதால் 'அன்சர்ட்டன்ட்டி' என்ற சொல்தான் எனக்கு முதலில் வாயில் வரும். தமிழில் 'நிச்சயமின்மை' என்கிறார்கள். சொல் கொஞ்சம் கனமாக இருந்தாலும் விஷயம் ரொம்பப் பழக்கமானது. போர்வெல் போடும் எந்த வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் வந்தது என்பதற்காக நம்ம தோட்டத்திலும் வரும் என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். விவசாயிக்குத் தெரிந்த இந்த விஷயத்தை நாம்தான் எக்செல் ஷீட்டைத் திறந்ததும் மறந்துவிடுகிறோம்.

அஞ்செட்டியில் ஒரு சின்னப் பாலம்

எங்க ஊர் அஞ்செட்டிப் பக்கம். ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை வந்து, அங்கிருந்து காட்டு வழியாக மலை இறங்கினால் வரும். சுற்றிலும் காடு, அந்தப் பக்கம் காவிரி, ஆற்றைத் தாண்டினால் கர்நாடகா. இங்கே ஓடையைப் பலர் கன்னடத்தில் 'ஹள்ளா' என்பார்கள். வருஷத்தில் பெரும்பாலான நாள் அதில் மணலும் பாறையும்தான் இருக்கும். மலையில் ஒரு நல்ல மழை அடித்தால் சில மணி நேரத்துக்கு அது ஆறாகிவிடும். அந்த நேரத்தில் அந்தப் பக்கம் பிரசவ வலி வந்த பெண் இருந்தால், காத்திருப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. சின்னப் பாலம் என்று நாம் சொல்வது அந்த ஊர்க்காரர்களுக்குச் சின்ன விஷயம் இல்லை.

சரி, அப்படி ஒரு ஓடைக்குப் பாலம் டிசைன் செய்யச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நீர்ப்பிடிப்புப் பரப்பு 20 சதுர கி.மீ. ஓடையில் வெள்ளத்தை யாரும் இதுவரை அளந்ததில்லை. என்ன செய்வோம்? மூன்றாம் வருஷ நீரியல் புத்தகத்தைத் திறந்து ரைவ்ஸ் சூத்திரத்தை எடுப்போம். 1884ல் மதராஸ் மாகாணத்துக்காக உருவான சூத்திரம் அது. பரப்பை மூன்றில் இரண்டு அடுக்குக்கு உயர்த்தி, ஒரு கெழுவால் பெருக்கினால் வெள்ளம் வந்துவிடும், வினாடிக்கு இத்தனை கனமீட்டர் என்று.

அந்தக் கெழு என்ன? கிழக்குக் கடற்கரையிலிருந்து 80 கி.மீ.க்குள் என்றால் 6.8. 80 முதல் 160 கி.மீ. வரை என்றால் 8.5. மலையை ஒட்டிய சில பகுதிகளுக்கு 10.2. அஞ்செட்டி கடற்கரையிலிருந்து 200 கி.மீ.க்கும் மேல் உள்ளே இருக்கிறது, அதனால் முதல் இரண்டு வரிசையும் நமக்குப் பொருந்தாது. மலைப் பகுதிதானே என்று 10.2 எடுத்தால் விடை 75 கனமீட்டர். புத்தகத்தின் நடு வரிசையிலேயே நின்றுவிட்டால் 63. கடலோரக் கெழுவைப் போட்டால் 50. ஓடையும் மாறவில்லை, மழையும் மாறவில்லை. அட்டவணையில் விரல் வைத்த வரிசை மட்டும்தான் மாறியது, வெள்ளம் ஒன்றரை மடங்காகிவிட்டது. ஆனால் ரிப்போர்ட்டில் என்ன எழுதுவோம்? '75.15 கனமீட்டர்'. அந்த .15ஐப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

இதில் நம்ம கையேடுகளைக் குறை சொல்ல மாட்டேன். இந்திய சாலைக் காங்கிரஸின் சிறுபாலக் கையேடு எஸ்.பி. 13, ஒரே சூத்திரத்தை நம்பச் சொல்வதில்லை. வெள்ளத்தைப் பல வழிகளில் கணக்கிடு, பெரியதை எடுத்துக்கொள், ஆனால் அது அடுத்த பெரிய எண்ணைப்போல் ஒன்றரை மடங்கைத் தாண்டினால் அந்த ஒன்றரை மடங்கோடு நிறுத்திக்கொள் என்கிறது. அதாவது, எந்த எண்ணும் முழுசாக நம்பக்கூடியது இல்லை என்று எழுதியவர்களுக்கே தெரியும். விதியை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு, அதற்குப் பின்னால் இருக்கும் சந்தேகத்தை நாம் விட்டுவிட்டோம்.

ஊத்தங்கரை கேட்ட கேள்வி

"டேட்டா இல்லாத இடத்தில்தானே இந்தப் பிரச்சினை? 30 வருஷ மழை ஏடு இருந்தால் கணக்கு துல்லியமாக வருமே?" என்று கேட்கலாம். வாங்க, போட்டுப் பார்ப்போம். இதில் வரும் எண்கள் உதாரணத்துக்காக நான் எடுத்தவை, கணக்கு மட்டும் நிஜம்.

ஒவ்வொரு வருஷமும் ஒரே நாளில் பெய்த அதிகபட்ச மழையை 30 வருஷத்துக்கு எடுக்கிறோம். சராசரி 80 மி.மீ., திட்டவிலக்கம் 30 மி.மீ. எல்லாரும் படித்த கம்பெல் பரவலில் போட்டால், நூறு வருஷத்துக்கு ஒருமுறை எதிர்பார்க்கும் மழை 174 மி.மீ. கட்டம் போட்டாச்சு. இப்போது யாரும் கேட்காத அடுத்த வரியையும் எழுதுவோம். 30 வருஷம்தான் கையில் இருக்கிறது என்பதால் வரும் பிழையைச் சேர்த்தால், 95 சதவீத எல்லை 132லிருந்து 216 வரை விரிகிறது. 15 வருஷம்தான் இருந்தால் 114லிருந்து 234 வரை. இந்த விரிவைப் பாதியாக்க வேண்டுமென்றால் டேட்டா நான்கு மடங்கு வேண்டும், அதாவது 120 வருஷ ஏடு. அவ்வளவு நாள் யார் காத்திருப்பது?

இதுகூடப் பரவாயில்லை. 2024 டிசம்பர் 2ஆம் தேதி காலை முடிந்த 24 மணி நேரத்தில், ஃபெஞ்சல் புயலின் மிச்சம் நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழையைக் கொட்டியது. 500 மி.மீ.! மாவட்டத்தில் வருஷம் முழுக்கப் பெய்வதே சராசரியாக 800, 900 மி.மீ.தான். கடலோரத்தைச் சாய்க்க வேண்டிய புயல் இவ்வளவு உள்ளே வந்து இப்படிப் பெய்யும் என்று யார் நினைத்தோம்? பஸ் ஸ்டாண்ட் பக்கம் நின்ற வண்டிகளை ஏரித் தண்ணீர் உருட்டிக்கொண்டு போன வீடியோவை நாம் எல்லாரும் பார்த்தோம்.

இப்போது நம்ம உதாரண ஏட்டுக்கு வருவோம். சராசரி 80, திட்டவிலக்கம் 30 என்ற கம்பெல் கணக்குப்படி, ஒரு நாளில் 500 மி.மீ. எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை வர வேண்டும் தெரியுமா? ஏறத்தாழ 11 கோடி வருஷத்துக்கு ஒருமுறை. டைனோசர் காலத்தில் ஒரு தடவை பெய்துவிட்டு இப்போதுதான் திரும்பி வந்திருக்கிறது என்று நம்ப நான் தயாராக இல்லை. மழை தப்பு செய்யாது. நாம் போட்ட மாடல்தான் தப்பு.

அந்த ஒரு 500ஐயும் 31ஆவது எண்ணாக ஏட்டில் சேர்த்துத் திரும்பக் கணக்குப் போட்டால்? சராசரி 93.5, திட்டவிலக்கம் 81. நூறு வருஷ மழை 348 மி.மீ. ஒரே ஒரு நாள் சேர்ந்ததும் விடை இரண்டு மடங்கு! முந்தின நாள் வரை '174' என்று கட்டம் போட்டவர் கணக்கில் ஒரு பிழையும் கிடையாது, முழு மார்க் கொடுக்கலாம். ஆனால் அந்த விடையை நம்பி ஏரிக் கலிங்கு கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாம் நேர்மையாகப் போட்ட 132 முதல் 216 வரையிலான எல்லைக்குள்ளும் 500 இல்லை. ஏன்? நிச்சயமின்மை ஒன்று அல்ல, மூன்று. முதலாவது, மழையின் இயல்பான ஏற்ற இறக்கம். எவ்வளவு டேட்டா சேர்த்தாலும் அது போகாது. இரண்டாவது, டேட்டா குறைவு. ஏடு நீள நீள இது குறையும். மூன்றாவது, நாம் தேர்ந்தெடுத்த மாடலே பொருந்தாமல் இருப்பது. சாதாரண நாள் மழையும் புயல் மழையும் வேறு வேறு காரணத்தால் வருபவை. இரண்டையும் ஒரே பரவலுக்குள் அடைத்தால் புயல் வெளியே நிற்கும். எக்செல் நமக்குக் காட்டும் எல்லை, மாடல் சரி என்று வைத்துக்கொண்டு போட்டது. மூன்றாவதைப் பற்றி அது வாயே திறக்காது. அதை நாம்தான் சொல்ல வேண்டும்.

தென்பெண்ணையில் போன பாலம்

அதே புயல், அதே வாரம். ஓசூர் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் வரும் தென்பெண்ணை, கிருஷ்ணகிரியைத் தாண்டிச் சாத்தனூர் அணைக்குப் போகிறது. டிசம்பர் 2 அதிகாலை அந்த அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கனஅடி திறந்துவிடப்பட்டது. கீழே, திருவண்ணாமலை மாவட்டத்தில் அகரம்பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் நடுவே ஏறத்தாழ 16 கோடி ரூபாயில் கட்டிய உயர்மட்டப் பாலம், திறந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அது அடித்துச் செல்லப்பட்டது. பாலம் 54 ஆயிரம் கனஅடி அளவு வெள்ளத்துக்கு டிசைன் செய்யப்பட்டது, வந்தது அதைவிடப் பல மடங்கு என்பது அரசுத் தரப்பில் வந்த விளக்கம்.

உடனே இரண்டு கட்சி உருவானது. ஒரு கட்சி "ஊழல்" என்றது, இன்னொன்று "இயற்கைச் சீற்றம், யாரும் ஒன்றும் செய்ய முடியாது" என்றது. யார் தப்பு என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. படிக்கிற பையனாக எனக்கு வேறு கேள்விதான். அந்த 54 ஆயிரத்தைச் சுற்றி எல்லை எவ்வளவு? 40 முதல் 70 ஆயிரமா, 30 ஆயிரம் முதல் 2 லட்சமா? இரண்டாவது என்றால் அடித்தளத்தை அப்படியா போட்டிருப்போம்?

இது சும்மா கேட்பதில்லை. பாலத்தின் நீளம் மாறாமல் வெள்ளம் மூன்று மடங்கானால், வெள்ள மட்டத்திலிருந்து அளக்கும் அரிப்பு ஆழம் லேசி சூத்திரப்படி இரண்டு மடங்கைத் தாண்டும். அரிப்பு அடித்தளத்தைத் தொட்டால் மேலே எவ்வளவு நல்ல கான்கிரீட் போட்டிருந்தாலும் வீண்.

இன்னொரு கணக்கு. '50 வருஷ வெள்ளத்துக்கு டிசைன் செய்தோம்' என்று கேட்டால், 50 வருஷம் கவலையில்லை என்றுதான் ஊரில் புரிந்துகொள்வார்கள். உண்மையில் 50 வருஷம் நிற்க வேண்டிய பாலம் அந்த வெள்ளத்தையோ அதற்கு மேலோ ஒருமுறையாவது பார்ப்பதற்கு வாய்ப்பு 64 சதவீதம். நூறு வருஷ வெள்ளம் என்றாலும் 39 சதவீதம். இதுவும் டிசைன் எண் சரியாக இருந்தால் மட்டும்தான்.

ஓசூர் கம்பெனிக் கணக்கு

சிவில்காரன் புலம்பல் என்று மெக்கானிக்கல், ஈ.சி.ஈ. நண்பர்கள் தப்பிக்க வேண்டாம். நம்மில் பாதிப் பேர் ஓசூர் சிப்காட்டில்தான் வேலைக்குப் போகப் போகிறோம். புதுப் பாகம் ஒன்று வருகிறது. 30 பீஸ் டெஸ்ட் செய்கிறோம், ஒன்றுகூட உடையவில்லை. 'ஃபெயிலியர் பூஜ்யம்' என்று ரிப்போர்ட் போகிறது. ஆனால் 30ல் பூஜ்யம் என்பதிலிருந்து 95 சதவீத உறுதியோடு சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: உண்மையான ஃபெயிலியர் 10 சதவீதம் வரைகூட இருக்கலாம். மூன்றை சாம்பிள் எண்ணிக்கையால் வகுத்தால் போதும், அந்த மேல் எல்லை வந்துவிடும். ஒரு சதவீதத்துக்குக் கீழே என்று சொல்ல வேண்டுமென்றால் 300 பீஸ் உடையாமல் வர வேண்டும். அது பிரேக் சம்பந்தப்பட்ட பாகம் என்றால், இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே ஒரு மனிதர் இருக்கிறார்.

சின்ன சாம்பிள் பிரச்சினை பிறந்ததே ஒரு தொழிற்சாலையில்தான். டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட், கையில் இருந்த நாலைந்து அளவீடுகளை வைத்து எவ்வளவு நம்பலாம் என்று யோசித்து 1908ல் எழுதியதுதான் நாம் படிக்கும் 'ஸ்டூடண்ட்' டி பரவல். சொந்தப் பெயரில் வெளியிட முடியாததால் ஸ்டூடண்ட் என்று புனைபெயர். பெரிய சாம்பிளுக்கு 1.96 ஆல் பெருக்கும் இடத்தில், 5 அளவீடு மட்டும் இருந்தால் 2.78 ஆல் பெருக்கு என்கிறது அது. தெரிந்தது குறைந்தால் எல்லையை அகலமாக்கு, அவ்வளவுதான்.

பாதுகாப்புக் கெழு போட்டால் போதாதா?

இதுதான் வழக்கமாக வரும் பதில். 1.5 ஆல் பெருக்கிவிட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்று. அடங்காது. ஸ்டீலின் வலிமை போல ஏற்ற இறக்கம் நன்றாகத் தெரிந்த இடத்துக்கு அந்தக் கெழு பொருந்தும். மூன்று மடங்கு தப்பாக இருக்கக்கூடிய ஒரு வெள்ளத்துக்கு 1.5 என்ன செய்யும்? அதற்காக எல்லாவற்றையும் மூன்று மடங்கு பெரிதாகக் கட்டவும் முடியாது. ஒரே ஓடைக்குப் பெரிய பாலம் போட்டால், அதே பணத்தில் வந்திருக்க வேண்டிய இன்னும் இரண்டு ஊர்களின் பாலம் நின்றுவிடும். மலைக் கிராமங்களுக்கு அதுவும் நஷ்டம்தான்.

எனக்குச் சரியாகப் படும் வழி வேறு. நம்ம கான்கிரீட் விதிநூல் ஐ.எஸ். 456ஐப் பாருங்கள். ஒரு சைட்டின் திட்டவிலக்கத்தைக் கணக்கிட 30 டெஸ்ட் முடிவாவது வேண்டும் என்கிறது. அது கையில் இல்லையா? எம்25 கான்கிரீட்டுக்கு 4 என்று வைத்துக்கொள், 25க்குப் பதிலாக 31.6ஐக் குறிவைத்துக் கலவை போடு. சைட்டில் சிமென்ட் சேமிப்பும் எடைபோட்டுக் கலப்பதும் சரியில்லையா? இன்னும் 1 கூட்டிக்கொள், குறி 33.25 ஆகும். தெரியாமைக்கு வெளிப்படையாக ஒரு விலை வைத்திருக்கிறார்கள். டெஸ்ட் செய்யச் செய்ய அந்த விலை குறையவும் வாய்ப்பு உண்டு. கான்கிரீட்டுக்கு இருக்கும் இந்த நேர்மை வெள்ளத்துக்கும் மண்ணுக்கும் மெஷின் பாகத்துக்கும் ஏன் கூடாது?

நடைமுறையில் என்ன செய்யலாம்? முதலில், விடையை எல்லையோடு எழுதுங்கள். அஞ்செட்டி ஓடைக்கு '50 முதல் 75, மாடல் தப்பு என்றால் அதற்கு மேலும்' என்று எழுதினால் யாரும் உங்களை முட்டாள் என்று சொல்ல மாட்டார்கள். அடுத்து, எந்த எண் மாறினால் முடிவே மாறும் என்று தேடுங்கள். பணத்தையும் நேரத்தையும் அங்கே செலவழிக்கலாம். மூன்றாவது, எல்லையைத் தாண்டிப் போனால் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தீர்மானியுங்கள். தண்ணீர் மேலே ஏறிப் போனாலும் நிற்கும் தரைப்பாலம், பாலத்துக்கு முன்பே உடைந்து வழிவிடும் அணுகுசாலைக் கரை, கொஞ்சம் கூடுதல் ஆழத்தில் அடித்தளம். கரை போனால் ஒரு வாரத்தில் மண் கொட்டிச் சரிசெய்யலாம், தூண் போனால் வருஷக்கணக்கில் ஆகும்.

நான்காவது, கேளுங்கள். ஓடையோரத்தில் ஆடு மேய்க்கும் தாத்தாவுக்கு எந்தப் பாறை வரை தண்ணீர் வந்தது என்று தெரியும். பாலம் கட்டுமுன் அதிகபட்ச வெள்ள மட்டத்தை ஊர்க்காரர்களிடம் விசாரிப்பது நம்ம முறையிலேயே இருக்கிறது. அறுபது வருஷ நினைவு, அளவுகோல் இல்லாவிட்டாலும், டேட்டாதான். அதில் நிச்சயமின்மை அதிகம், அதையும் சேர்த்தே எழுதிக்கொள்ளலாம்.

ஜூனியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்க ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் முடிவுரைக்கு முன்னால் ஒரே ஒரு பக்கம் சேருங்கள்: 'இந்த ஆய்வில் எங்களுக்குத் தெரியாதவை'. வைவாவில் கேள்வி வரும், வரட்டும். அந்தப் பக்கத்தைப் பற்றிப் பேசத் தெரிந்தவருக்குத்தான் மற்ற 80 பக்கமும் புரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

நம்ம காலேஜுக்கும் ஒன்று சொல்கிறேன். மலைக் கிராமப் பள்ளிகளில் சாதாரண மழைமானி ஒன்று வைத்து, பிள்ளைகள் தினமும் காலை எட்டரை மணிக்கு அளந்து நோட்டில் எழுதினால் போதும். ஓடைப் பாறையில் பெயின்ட்டில் கோடுகள் போட்டு, வெள்ளம் எந்தக் கோடு வரை வந்தது என்று குறித்தால் போதும். ஒரு டெக்னிகல் சிம்போசியத்தின் மேடை அலங்காரச் செலவில் பத்து ஊருக்குச் செய்துவிடலாம். இன்று தொடங்கினால் முப்பது வருஷம் கழித்து அங்கே பாலம் டிசைன் செய்ய வருபவர் கையில் 30 எண்கள் இருக்கும். அதற்கும் எல்லை போட வேண்டியிருக்கும்தான். ஆனால் கடற்கரையிலிருந்து எத்தனை கி.மீ. என்று அட்டவணையில் விரல் வைத்துத் தேட வேண்டிய நிலை அவருக்கு வராது.